முன்னாதாரம்: ஆரல்வாய்மொழியில் ஒரு வீடு தேடிய கதை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் பழமொழி. இதில் கட்டுவதைப் பற்றித்தான் பேச்சு. வாங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எத்தனையோ முறை வகுப்பில் இப்பழமொழியைச் சொல்லியிருக்கிறேன். வீடு ஒன்றை விலைக்கு வாங்கலாம் என்று நானும் என் கணவரும் தேடப் புறப்பட்ட பிறகுதான் இது என் கருத்தில் பட்டது. நாஞ்சில் நாட்டில் நம் பாட்டனார் காலத்து வீடு என்பது பிறந்த இடம், அல்லது புகுந்த இடம், அல்லது கட்டிய இடம். முன்பின் அறியாத ஒருவர் பணத்தோடு வந்து இன்னொருவர் குடியிருந்த வீட்டை வாங்குவதென்பது, பெரும்பாலும் கடனில் மூழ்கிய குடும்பங்களின் கதையில் மட்டுமே வரும் நிகழ்ச்சி.

எனக்கு வயது 46. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இக்காலத்தில் ஐந்து வீடுகளில் குடியிருந்தோம். மூன்று வாடகைக்கு, இரண்டு ஒற்றிக்கு. வெளியூர் நண்பர்களுக்காக ஒற்றியைச் சற்று விளக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் நமக்கு வாடகை இல்லை, அவருக்கு வட்டி இல்லை. தவணை முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். பணம் கரையாமல் இருக்கும், ஆனால் வளராது. அதற்குள் வீட்டு விலை எங்கோ போய்விடும். வங்கியில் என் ஓய்வு வயதைக் கேட்டு, 14 ஆண்டுகளுக்குள் கடன் அடைபட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்ன அன்றுதான், இனித் தள்ளிப்போட இயலாது என்பது விளங்கிற்று.

ஆரல்வாய்மொழியைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நாகர்கோவிலைவிட விலை குறைவு. இரயில் நிலையம் உண்டு. இருவர் பணியிடங்களுக்கும் நடுவில் இருக்கிறது. வீடு தேடுவது என்றால் அறைகளை எண்ணுவதும் கிணற்றை எட்டிப் பார்ப்பதும்தான் என்று எண்ணியிருந்தேன். ஒரு பழைய ஆதாரக் கட்டைப் பிரித்துப் படிக்க நேர்ந்தபோது அந்த எண்ணம் மாறிவிட்டது. இங்கே நான் எழுத விரும்புவது அந்தக் கட்டைப் பற்றி.

*

முதலில் ஊரைப் பற்றிச் சில செய்திகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள கணவாய் இது. ஆரல் என்ற சொல்லுக்கு மதில் என்று பொருள் கொண்டு ஊர்ப்பெயரை விளக்குவோர் உண்டு, பொருத்தமான விளக்கம்தான். திருவிதாங்கூர் அரசின் தெற்குக் கோட்டை வரிசை இம்மலைகளிலிருந்து கடற்கரை நோக்கிச் சென்றது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரியில், கர்னல் செயின்ட் லீஜர் தலைமையில் வந்த ஆங்கிலப் படை இந்த அரணைப் பிடித்துத்தான் நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1752 ஜனவரியில், தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலையும் இங்கேதான் உள்ளது. 2022 மே மாதம் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகச் செய்திகளில் இவ்வூர்ப் பெயர் அடிபட்டது.

வீடு வாங்குவோருக்கு இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்வூர் ஓர் எல்லை. கணவாய்க்குக் கிழக்கே சென்னை மாநிலத்துத் திருநெல்வேலி மாவட்டம். மேற்கே திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி. சில கல் தொலைவுக்குள் நிலத்தின் கணக்கே மாறிவிடும். கிழக்கே பசலி ஆண்டு, மேற்கே கொல்லம் ஆண்டு. கிழக்கே கம்பெனி ரூபாயின் வழிவந்த ரூபாய். மேற்கே பணமும் சக்கரமும் புழங்கிய ரூபாய். நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். கிழக்கே கிரயப் பத்திரம், மேற்கே ஆதாரம். இன்றும் எங்கள் பக்கத்து முதியவர்கள் பத்திரத்தை ஆதாரம் என்றும், அதற்கு முந்தைய மூலப்பத்திரத்தை முன்னாதாரம் என்றுமே சொல்வர்.

தேடத் தொடங்கிய முதல் வாரத்தில் தரகர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று. "டீச்சருக்குச் சொந்த ஊரு எது? அங்கன எந்தத் தெரு?" என்றார். எதற்காகக் கேட்கிறார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கும் ஒரு முன்னாதாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பார்த்த வீடு நான்குவழிச் சாலையை அடுத்த புதிய மனைப்பிரிவில் இருந்தது. வாசல் மேற்கு நோக்கி. ஆனி, ஆடியில் அந்தக் கதவைத் திறக்க முடியாது என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர் எவரும் அறிவர். மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு விடை தெளிவாக வரவில்லை. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், மறு ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் நினைவில் இருந்தமையால் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இரண்டாவது வீடு ஒரு கிறித்தவக் குடும்பத்தாருடையது. அண்ணன் தம்பிகள் மூவர், அக்காள் தங்கையர் இருவர். ஐவருமே விற்கச் சம்மதித்திருந்தனர். விலைதான் எங்களுக்கு எட்டவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு செய்தி சொன்னார்: அவருடைய அத்தைமார்களுக்கு இதுபோல் பங்கு கிடைக்கவில்லையாம். அது உண்மையாகவே இருக்க வேண்டும். 1916இல் வந்த திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குரியது மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது. இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்த பிறகும் இச்சட்டம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதில் குழப்பம் நீடித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970களில் ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகள் வந்தன. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே அதற்கு முடிவு கட்டியது. ஐந்து பேரும் ஒன்றாக அமர்ந்து எங்களிடம் விலை பேசிய அந்தக் காட்சிக்குப் பின்னால், கோட்டயத்துப் பெண்மணி ஒருவர் தம் உடன்பிறந்தவருக்கு எதிராகவே நடத்திய ஒரு வழக்கு இருந்தது.

*

மூன்றாவது வீடுதான் எங்களுக்குப் பிடித்தது. ஒன்பது சென்ட் மனை. ஓட்டு வீடு, முன்னால் படிப்புரை, உள்ளே மங்களா, ஓரத்தில் அறைப்புரை. அறைப்புரையில் நெல் இல்லாத பத்தாயம் ஒன்று இன்னும் கிடந்தது. கிழக்கு வாசல், மேல்காற்றுக்குப் பின்பக்கத்துத் தோப்பு மறைப்பு. என் கணவர் கிணற்றடியில் நின்று, எங்கே சமையலறையை நீட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் அறுபது கடந்தவர், நல்ல மனிதர். கேட்டவுடன் ஆதாரக் கட்டை நம்பிக் கொடுத்தார். "டீச்சருக்குப் பழைய எழுத்தெல்லாம் வாசிக்கத் தெரியும்லா, வாசிச்சுப் பாருங்க" என்றார்.

கட்டில் மேலே இருந்தவை புதியவை. கீழே போகப் போகப் பழையவை. மலையாள எழுத்தில் இருந்த இரண்டை மட்டும், முன்பு ஆதாரம் எழுதிவந்த ஒரு முதியவரின் துணையோடு படித்தேன். அடியிலிருந்து தொடங்குகிறேன்.

அடியில் இருந்தது கொல்லம் 1057ஆம் ஆண்டு நகல். அதாவது 1882ஐ ஒட்டியது. நிலத்தைப் பண்டாரவகைப் பாட்டம் என்று அது குறிப்பிட்டது. இந்தச் சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. 1811-12இல், கர்னல் மன்றோ ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தபோது, முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்களின் சொத்துக்களை அரசு எடுத்துக்கொண்டது. முன்பே மார்த்தாண்டவர்மா காலத்தில் சேர்ந்த நிலங்களும் உண்டு. இவ்வாறு பெரும்பரப்பு அரசின் கைக்கு வந்தது. உழுதவன், குடியிருந்தவன் எல்லாரும் அரசுக்குப் பாட்டம் கொடுக்கும் குடிகள். பாட்டக்காரன் நிலத்தை அனுபவிக்கலாம். அது முழுதும் அவனுடையதன்று. ஆயில்யம் திருநாள் அரசராகவும் டி. மாதவராவ் திவானாகவும் இருந்த 1865இல் வெளிவந்த பண்டாரப்பாட்ட விளம்பரம்தான் இவர்களுக்கு முழு உரிமையும், விற்கவும் அடகு வைக்கவும் அதிகாரமும் அளித்தது. அந்த 1057ஆம் ஆண்டு நகல் ஒரு விற்பனைப் பத்திரம். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் அதை அந்த வடிவில் எழுதியிருக்கவே முடியாது.

உரிமை வந்தது எல்லாருக்குமா? இல்லை. நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்று எழுதிய ஓலைகள் நாஞ்சில் நாட்டில் கிடைத்திருக்கின்றன. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளில் அவை உண்டு. அந்த ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. நாடார்கள் ஒரு தளத்துக்குமேல் வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்று இருந்த தடைகளை மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். பணம் இருந்தாலும் மாடி இல்லை. மாடிக்குப் பணம் இருப்பதே குற்றம். தரகர் என்னிடம் கேட்ட கேள்வியின் முன்னாதாரம் இதுதான். சட்டம் எந்தத் தெருவிலும் எவரும் வீடு வாங்கலாம் என்கிறது. கேள்வி மட்டும் இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது.

*

அடுத்தது கொல்லம் 1102ஆம் ஆண்டு, அதாவது 1927, பாகப் பத்திரம். இக்கட்டில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இதுவே.

அதற்கு முன் மருமக்கள்வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளர் பேசியது தமிழ். ஆனால் சொத்து இறங்கியது சேர நாட்டு முறைப்படி. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து அவர் மகனுக்கு அன்று, சகோதரியின் மகனுக்கு. குடும்பத்தின் மூத்த ஆண் காரணவர், அவரிடமே நிர்வாகம். மனைவி வேறு குடும்பத்தவள். அவளும் அவள் மக்களும் அவ்வீட்டில் ஒருவகையில் விருந்தினர். மக்களுக்கு உகந்துடைமை என்று நாலில் ஒரு பங்கு வரை கொடுக்கும் வழக்கமும், கைம்பெண்ணுக்கும் விலக்கப்பட்ட மனைவிக்கும் நங்குடைமை என்ற பராமரிப்பு உரிமையும் இருந்தன. காரணவர் கண்மூடியதும் மருமகன் சாவியை வாங்கிக்கொள்ள, மனைவியும் மக்களும் வெளியேறிய கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’, காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி கூற்றாக அமைந்த அங்கத நூல். அது தமிழன் இதழில் 1917-18இல் தொடராக வந்து, பின்னர் நூலாயிற்று. எத்தனையோ ஆண்டு வகுப்பில் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்லியிருக்கிறேன். அதன் அடியில் இருப்பது, தான் வாழ்ந்த வீடு தனதில்லை என்று அறிந்த ஒருத்தியின் அச்சம்.

கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1926இல், கொல்லம் 1101இல், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மக்கள் வாரிசாயினர், குடும்பச் சொத்தைப் பங்குவைக்க வழி பிறந்தது. இச்சட்டத்தின் பெயரை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் காணலாம். மருமக்கத்தாயச் சட்டம் என்றால் எவை என்று விளக்கும் மூன்றாம் பிரிவில் அது இருக்கிறது. இரண்டு தாலுகா அளவேயான நிலப்பகுதியின் பெயர் இந்தியா முழுமைக்குமான சட்டத்தில் ஏறியிருப்பதில் எனக்குச் சிறு பெருமையும் உண்டு.

கட்டில் இருந்த பாகப் பத்திரம் இச்சட்டம் வந்த மறு ஆண்டு எழுதப்பட்டது. பங்கு பெறுவோர் பதினொருவர். பெயர்களை எண்ணிப் பார்த்தேன்: ஆண்கள் ஐவர், பெண்கள் அறுவர். பெண்களின் பெயர்கள் மேலே இருந்தன; தாயின் பெயரைச் சொல்லி, அவள் மகள், அவள் மகன் என்று வரிசை இறங்கியது. அந்த ஒன்பது சென்ட் ஒரு பெண்ணின் பங்காக எழுதப்பட்டிருந்தது.

மூன்றாவது பத்திரம் கொல்லம் 1120, அதாவது 1945. அதன் தலைப்பு ஒழிமுறி. முறி என்பது ஓலைத்துண்டு, ஆவணம். உரிமையை ஒழிந்து கொடுக்கும் எழுத்து ஒழிமுறி. மண உறவை முறிக்கும் எழுத்துக்கும் இதே பெயர் உண்டு. ஜெயமோகன் எழுத்தில் மதுபால் இயக்கிய மலையாளத் திரைப்படம் ஒன்று 2012இல் இப்பெயரில் வந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். இங்கே இருந்தது சொத்து ஒழிமுறி. அந்தப் பெண்ணின் மகள்மார் இருவர், தங்களுக்குச் சீதனம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, மனையைச் சகோதரனுக்கு ஒழிந்து கொடுத்திருந்தனர். கையெழுத்து இல்லை, இரண்டு பெருவிரல் ரேகைகள்.

அதற்கு மேல் 1978ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். இப்போதைய வீட்டுக்காரரின் தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. விற்றவர் ஆண், வாங்கியவர் ஆண். எங்கும் ஒரு பெண் பெயர் இல்லை. அதற்கும் மேலே மகன் பெயரில் பட்டா.

1927இல் அறுவர், 1945இல் இருவரின் விரல் ரேகை, 1978இல் ஒருவரும் இல்லை. மருமக்கள்வழி மனைவிக்குக் கொடுமை செய்தது. அதை ஒழித்தவர்கள் நல்லதையே செய்தார்கள். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பழைய முறையில் மகளுக்குத் தாய்வீட்டில் இருந்த இடமும் கூடவே கழன்று போனது. மனைவி உள்ளே வந்த வழியிலேயே மகள் வெளியே போனாள். இந்தக் கட்டு காட்டியது அதைத்தான்.

*

இனி வீட்டுக்காரரிடம் வருவோம். அவருடைய தந்தை உயில் எழுதாமல் 2016இல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள்: தாயார், இவர், வெளியூரில் இருக்கும் இரண்டு தங்கையர். தந்தையின் சுயசம்பாத்தியம், ஆகவே இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபங்கு. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் வீடு அவருடையதாகிவிடாது. பட்டா வருவாய்த் துறையின் தீர்வைக் கணக்கு. உரிமைக்குச் சான்று ஆதாரமும் வாரிசுமே. வில்லங்கச் சான்றும் எடுத்தோம். 30 ஆண்டுக்கும் வில்லங்கம் இல்லை என்றே வந்தது. பதிவானவை மட்டுமே அதில் ஏறும். ஒரு மகள் இருக்கிறாள் என்பதோ, தந்தை இறந்த நாளில் அவளுக்கு ஒரு பங்கு பிறந்தது என்பதோ அதில் ஏறாது. முதல் வீடு தேடுவோர் இந்த ஒன்றை மறக்காதிருக்க வேண்டுகிறேன்.

தங்கைகளைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுவளுக்கு நகையெல்லாம் போட்டுக் கெட்டிக் குடுத்தாச்சு டீச்சர். இனி என்னத்தக் கேக்கப் போறாளுவ? ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட வச்சிருகேன். நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம்."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். தங்கையர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் வங்கி வழக்கறிஞருக்கு ஆட்சேபம் இராது. எங்களுக்கும் சட்டச் சிக்கல் இராது. கடன் கிடைக்கும். காற்றுக்கு மறைப்பும் கிழக்கு வாசலும் உள்ள வீடு எங்களுடையதாகிவிடும். என் கணவர் அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை.

எனக்கு மட்டும் ஓர் இடறல். 2004இல், திருமணமான மறு ஆண்டு, நானும் அத்தகைய பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்பா 2001இலேயே உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டபோது வங்கியில் எங்கள் கையெழுத்துத் தேவைப்பட்டது. அம்மாவும் நானும் சார் பதிவாளர் அலுவலகம் போனோம். எழுத்தர் விரலால் காட்டிய இடங்களில் எல்லாம் ஒப்பமிட்டேன். வெளியே வந்து அண்ணன் எங்களுக்குச் சர்பத் வாங்கித் தந்தார். முதுகலைத் தமிழ் படித்தவள், பழைய உரைகளில் ஒரு சொல்லின் பாடபேதத்துக்காக நாள்கணக்கில் அலைந்தவள், அந்தப் பத்திரத்தில் ஒரு வரியையும் படிக்கவில்லை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. படிக்க வேண்டிய ஒன்றாக எனக்கே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளில் சட்டம் எப்படி இருந்தது என்பதை இப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன். தமிழ்நாடு 1989இலேயே திருமணமாகாத மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனோடு சமவுரிமை தந்துவிட்டது. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் 1956 முதலே சமபங்கு. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு: ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்லிற்று. வயல், தோப்பு எல்லாவற்றிலும் கேட்கலாம், வீட்டில் கேட்கக்கூடாது. 2005 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. நான் கையெழுத்திட்டு ஓராண்டு கழித்து.

நிற்க. வீடு என்ற சொல்லும் விடுதலை என்ற சொல்லும் விடு என்ற ஒரே வேரில் பிறந்தவை. வீடு என்பதற்கு முத்தி என்ற பொருளும் அதனால்தான் வந்தது. இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு விடுதலை என்ற பெயர் இருப்பதை மட்டும் இருபது ஆண்டாகக் கவனிக்கவில்லை.

*

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரரிடம் போய், தங்கையரை விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்ல வேண்டாம். தாயாரும் அவர்களும் கிரயப் பத்திரத்தில் உங்களோடு விற்பவர்களாகவே கையெழுத்திடட்டும், தொகையை நான்காக அவரவர் கணக்கில் செலுத்துகிறோம் என்றேன். அவர்கள் பிறகு உங்களிடமே திருப்பிக் கொடுத்தாலும் அது அவர்கள் விருப்பம் என்றும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர் வீடு வாங்க வந்தியளா, குடும்பத்தப் பிரிக்க வந்தியளா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். தங்கைகளின் திருமணத்துக்குத் தாம் பட்ட கடனைக் கணக்குச் சொன்னார். அதுவும் பொய்யில்லை. உள்ளே அறைப்புரை வாசலில் அவருடைய தாயார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பங்குதாரர், அவரிடம் அதுவரை எவரும், நானும் உட்பட, எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து வீட்டை வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகத் தரகர் சொன்னார். நான் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. பிறர் குடும்பத்துக்குள் நியாயம் சொல்லப் போனேனோ என்றும், என் அண்ணனிடம் கேட்க வேண்டியதை அந்த மனிதரிடம் கேட்டேனோ என்றும் தோன்றுகிறது. என் கணவர் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, நாம் வாங்கும் வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும் என்றார்.

கோடை விடுமுறையில், நான் கையெழுத்திட்ட அந்தப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்கினேன். சொத்தைத் திரும்பக் கேட்பதற்காக அன்று. அந்த எண்ணம் எனக்கில்லை. அண்ணனிடமும் நகல் வாங்கிய செய்தியைச் சொன்னேன். என்னத்துக்கு என்று கேட்டார், படிக்கத்தான் என்றேன். நான்கு பக்கம். நான் பிறந்த வீட்டின் நான்கெல்லை அதில்தான் முதன்முறையாகக் கண்டேன்: வடக்கே பாதை, கிழக்கே ஒரு வாய்க்கால், தெற்கே இன்னாருடைய மனை, மேற்கே தோப்பு. அந்த வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள் நான். அது எங்கள் எல்லை என்று அறியாமலே வளர்ந்திருக்கிறேன்.

தேடல் தொடர்கிறது. இப்போது வீடு பார்க்கப் போனால் கிணற்றையும் காற்றையும் பார்ப்பதற்கு முன் வாரிசுச் சான்றைக் கேட்கிறேன். அதில் பெண் பெயர் இருந்தால், அவர்களிடம் ஒரு முறை நேரில் பேச முடியுமா என்றும் கேட்கிறேன். தரகருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் சென்ற வாரம் ஒரு வீட்டைச் சொல்லும்போது அவராகவே, "அங்க ஒரு அக்கா உண்டும் டீச்சர், அவங்கள்ட்டயும் பேசிரலாம்" என்றார்.